செமாய்ப் பாட்டியின் 14 கதைகள் என் கைப்பேசியில் இருக்கின்றன. என்ன செய்வது?

தாப்பாக் கடைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59-ஆம் எண் பழைய சாலையில் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அப்புறம் மண்டோர் என்ற மேற்பார்வையாளராகி, ஓய்வுப் பணத்தில் போட்ட கடை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் இடிந்தது, எங்களோடு காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்குக்கு, நின்றவர்களின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். இப்போது கடையில் ஏறுவது மிச்சமிருக்கும் நம்மவர்கள், வங்காளதேசத்துப் பையன்கள், அப்புறம் மேலேயிருந்து இறங்கி வரும் செமாய் மக்கள்.

இந்த நாட்டுப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களில் அரசாங்கக் கணக்குப்படி 18 பிரிவுகள் உண்டு. அதில் பெரியது செமாய். பேராக்கிலும் பகாங்கிலுமாக, நடு மலைத்தொடரின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். என் அப்பா காலத்து ஆட்கள் 'சாக்காய்' என்பார்கள். அது அவர்களை இழிவாகச் சொல்லும் சொல் என்று எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரை வாய்க்கு வந்தபடி நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை சனிக்கிழமை பெத்தாய் என்ற அவரை மாதிரிக் காயைக் கொண்டுவரும் ஒரு செமாய்ப் பாட்டி இருந்தார். பெத்தாயைக் கட்டுக் கட்டாகக் கடை வாசலில் இறக்கி வைப்பார். உப்பு, நெத்திலி, சீனி, புகையிலை வாங்குவார். பேரன் லோரியோடு வரும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் எனக்கு அவர்மேல் ஒரு எரிச்சல். தோசை கொடுத்தால் வேண்டாம் என்பார், ஆனால் கிளம்பும்போது விரல் நுனியால் அதைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு போவார். சாப்பிடுவதாக இருந்தால் சாப்பிட வேண்டியதுதானே, இது என்ன எச்சில் பண்ணுகிற பழக்கம் என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டே விட்டேன். கொடுத்த சாப்பாட்டைத் தொடாமல் போனாலும், ஆசைப்பட்டதைத் தின்னாமல் போனாலும், வழியில் பாம்பு கடிக்கும், மரம் விழும், புலி பிடிக்கும் என்றார். அதற்குப் பெயர் புனான். மலாய்க்காரர்கள் கெம்புனான் என்பார்களே, அதன் உறவு. நம் வீட்டிலும் பிள்ளை ஏக்கத்தோடு போகக்கூடாது என்று ஒரு வாய் ஊட்டித்தானே அனுப்புவோம்? அன்றிலிருந்து எரிச்சல் போய்விட்டது.

கதை ஆரம்பித்தது பூனையால். என் தங்கச்சி மகனுக்கு அப்போது ஏழு வயது. பொம்மையின் கவுனைக் கழற்றிக் கடைப் பூனைக்கு மாட்டிவிட்டான். பூனை நடக்கத் தெரியாமல் பின்னங்காலை உதறி உதறி நடந்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பூனையைப் பிடித்து மடியில் வைத்து, பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவர் கை நடுங்கியது. கழற்றிவிட்டு மலைப்பக்கம் வானத்தைப் பார்த்தார். தாப்பாவில் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. அன்றைக்கும் இடித்தது.

மழை விடும்வரை பாட்டி பேசினார். பாதி மலாய், பாதி அவர் மொழி. ஓர் ஊரில் குரங்குக்குத் துணி உடுத்தி ஆடவிட்டுச் சிரித்தார்களாம். இடிக்குக் கேட்டுவிட்டது. மேலே மழை, கீழே பூமிக்குள்ளிருந்தும் தண்ணீர். தரை கஞ்சியாகக் கரைந்து வீடு, நாய், கோழி, மனுசர் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். அந்த இடம் இன்றைக்கும் இருக்கிறது என்று உதட்டைக் குவித்து மேலே ஒரு திசையைக் காட்டினார். ஓர் ஆற்றின் பெயரும் சொன்னார். அதுதான் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கைப்பேசியில் பதிவு பண்ணினேன். அனுமதி கேட்டேனா என்றால், கேட்கவில்லை. அடுத்த வாரம் போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார், நிறுத்து என்று சொல்லவில்லை. நானும் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்படியே சில வருடங்களில் 14 பதிவுகள். ஒன்று 41 நிமிடம் ஓடும். ஒன்றில் பாதிக்கு மேல் என் கிரைண்டர் சத்தம்தான்.

போன மழைக்காலத்தில் பாட்டி தவறிவிட்டார். பேரனிடம் கதைகளைப் பற்றிக் கேட்டால், "பாட்டிக்குத்தான் தெரியும் அக்கா" என்கிறான்.

இப்போது அந்தப் பூனைக்குக் கவுன் மாட்டியவன் பெரிய பையனாகிவிட்டான். கணினியே படம் வரைந்து தருகிறது, குரலும் தருகிறது, தமிழில் கார்ட்டூன் செய்து யூடியூபில் போடலாம் பெரியம்மா, பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்க்கும் என்கிறான். ஒரு நிமிடம் ஓடும் மாதிரி ஒன்றும் செய்து காட்டினான். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு தொல்லை. கேட்டதை நோட்டில் தமிழ் எழுத்தில்தான் எழுதி வைத்தேன். 'ப' என்று எழுதியிருக்கிறேன், அது அடித்துச் சொல்லும் ப-வா அமுக்கிச் சொல்லும் ப-வா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. சில சொற்கள் தொண்டையில் டக்கென்று அறுந்து முடிகின்றன. அதற்கு நம்மிடம் எழுத்தே இல்லை.

போடலாமா, கூடாதா? எழுதுவது எப்படி? கைப்பேசி வேறு பழசு, எப்போது உயிரை விடுமோ. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சித்தியவான் குருவி எழுதியது:

போடுங்க அக்கா! யோசிக்கவே யோசிக்காதீங்க. பாட்டி போயிட்டாங்க, நாளைக்குக் கைப்பேசியும் போயிடும். யூடியூப்ல இருந்தா உலகம் உள்ளவரைக்கும் இருக்கும். மாதிரி வீடியோ சுட்டி குடுங்க, நான் பகிர்றேன்.

---

ஒலிநாடாக் கிழவன் எழுதியது:

தங்கச்சி, முதலில் கைப்பேசியைக் கவனி, மற்றதைப் பிறகு பேசலாம். நான் வேலை செய்த காலமெல்லாம் ஒலிநாடாக்களைப் பாதுகாக்கிற வேலைதான். பூஞ்சை பிடித்து, ஒட்டிக்கொண்டு, கடைசியில் அழித்த நாடாக்கள் எத்தனையோ. அதனால் சொல்கிறேன், இன்றைக்கே செய்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பாதே. அதில் அனுப்பினால் ஒலியை நசுக்கிவிடக்கூடும். கம்பி போட்டுக் கணினியில் இறக்கு. கோப்பு எந்த வடிவத்தில் இருக்கிறதோ அப்படியே வை. யாராவது 'வேவ்' வடிவத்துக்கு மாற்றினால் தரம் கூடும் என்பார்கள். கூடாது, கோப்புதான் பெருக்கும். பிரதி மூன்று எடு. ஒன்று கணினியில், ஒன்று தனி வட்டில், ஒன்று உன் வீட்டில் இல்லாமல் வேறோர் இடத்தில். தாப்பாவில் வெள்ளம் வராதா என்ன?

கோப்பின் பெயரில் தேதியைப் போடு. தனியாக ஒரு தாளில் எங்கே உட்கார்ந்து சொன்னார், யார் யார் இருந்தார்கள், மழையா வெயிலா, ஏன் அந்தக் கதை வந்தது, எல்லாம் எழுது. பூனைச் சங்கதியை இங்கே எழுதினாயே, அது அந்தப் பதிவில் இருக்காது. உனக்குத்தான் தெரியும். அது இல்லாமல் அந்தக் கதை பாதிதான். கிரைண்டர் சத்தத்தை வெட்டாதே. கோழி, இடி, லோரி எதையும் வெட்டாதே.

எழுதுவதற்கு 'ஈலான்' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நெதர்லாந்தில் மொழி ஆராய்ச்சி செய்பவர்கள் உருவாக்கியது. ஒலி ஓட ஓட, எந்த நொடியில் என்ன சொன்னார் என்று அடியில் வரி வரியாக எழுதலாம். ஒரு வரியில் செமாய், அதன் கீழே மலாய், அதன் கீழே தமிழ். முதல் வாரம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும்.

போடலாமா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓராங் அஸ்லியில் இன்னொரு பிரிவான தெமியார் மக்களிடம் பாட்டு கனவில் கிடைப்பது. பூவின் ஆவியோ மலையின் ஆவியோ கனவில் வந்து ஒருவருக்குப் பாட்டைக் கொடுக்கும். அவர்தான் அந்தப் பாட்டுக்கு உரியவர். அப்படிப்பட்ட பாட்டுகள் 1955-லேயே அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்துவிட்டன. அந்த நிறுவனத்தின் தொகுப்பு முழுக்க 1987-இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் கைக்குப் போனது. பத்திரமாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் சுங்கை சிப்புட்டுக்கு மேலே இருக்கிற ஒரு பேரப்பிள்ளை, தன் தாத்தா குரலைக் கேட்க வாஷிங்டன் பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. உன் கடையிலிருந்து அந்தப் பாட்டி வீடு எத்தனை கட்டை (மைல்) தூரம்?

---

ரிங்லெட் ஆள் எழுதியது:

அக்கா, என் அப்பா தேயிலைத் தோட்டத்துத் தமிழர், அம்மா செமாய். படித்தது தமிழ்ப்பள்ளியில். அதனால் உங்கள் பதிவை இரண்டு காதாலும் கேட்டேன் என்று சொல்லலாம்.

உங்கள் மனசு ஏன் ஒப்பவில்லை என்று எனக்குத் தெரியும். மிருகத்துக்கு வேசம் கட்டிச் சிரித்தால் ஊர் முழுகும் என்பது அந்தக் கதை. உங்கள் பையன் செய்யப்போவது என்ன? குரங்குக்குத் துணி உடுத்தி, ஆடவிட்டு, பிள்ளைகளைச் சிரிக்க வைக்கப் போகிறான். பாட்டி மறுபடி எழுந்து வந்துதான் பொத்தானைக் கழற்ற வேண்டும்.

பையனைக் குறை சொல்லவில்லை. நானே சின்ன வயதில் தட்டான் வாலில் நூல் கட்டி விளையாடி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அப்பா பக்கத்துப் பாட்டி சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா பக்கத்துப் பாட்டி வீட்டுக்குள் ஓடினார். இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உள்ளதும் இல்லை. வடக்கே ஜஹாய் மக்களும் கிளந்தான் பக்கம் பாத்தேக் மக்களும் இடி அதிகமானால் காலில் கீறி, இரத்தத்தைத் தண்ணீரில் கலந்து வானத்தை நோக்கி வீசுவார்கள். போர்னியோவிலும் பிலிப்பைன்ஸிலும்கூட மிருகத்தைக் கேலி செய்தால் புயல் என்ற நம்பிக்கை உண்டு.

எழுத்தைப் பற்றி. செமாயை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். பேராக், பகாங்கில் சில தொடக்கப்பள்ளிகளில் பாடமாகவும் இருக்கிறது. 1996 கல்விச் சட்டத்தில், 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் பூர்வகுடி மொழியை நடத்தலாம் என்று இருக்கிறது. தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு கேட்க நாம் காட்டுகிற அதே விதிதான். அரசாங்க ஒலிபரப்பு நிலையமான ஆர்டிஎம்மின் ஆசிக் எஃப்எம்மில் செமாய், தெமியார், ஜாக்கூன், தெமுவான் நான்கிலும் பேசுகிறார்கள். ஓராங் அஸ்லி மக்களுக்கு வானொலி 1959-லேயே தொடங்கிவிட்டது. அதனால் எழுதத் தெரிந்தவர் கிடைக்க மாட்டாரோ என்று பயப்படாதீர்கள். ஆனால் ஒன்று, ஆற்றுக்கு ஆறு எங்கள் பேச்சு மாறும். ரிங்லெட் பக்கத்து என் காதுக்கு உங்கள் பாட்டி சொன்னது எல்லாம் விளங்காது. அவர் ஊர் ஆளைத்தான் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

மலாயை நடுவில் வைத்து மொழிபெயர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். செமாய் மலாய்க்குச் சொந்தமே இல்லை, கெமர், வியட்நாம் மொழிகளுக்குத்தான் சொந்தம். அதில் நம் சலசல, தொளதொள மாதிரியான சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதற்கு ஒரு சொல். சிவப்பாக எதுவோ மினுக் மினுக்கென்று தெரிவதற்கு ஒரு சொல். மூங்கில் சுணை பட்டு உடம்பு அரிப்பதற்கு ஒரு சொல். மலாயில் போட்டால் இதெல்லாம் சப்பென்று ஆகிவிடும். தமிழில் இரட்டைக்கிளவி இருக்கிறது. அப்பாவுக்கு அம்மா கதை சொல்லும்போது இந்த இடங்களில் மட்டும் மலாயை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஏதோ சத்தம் போட்டுக்கொள்வார்கள், புரிந்துவிடும்.

எதற்கும் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

---

பழைய லயம் எழுதியது:

நல்லா இருக்கு. நம் பாட்டிமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, கப்பலில் வந்த கதை, தோட்டத்து முனியாண்டி கதை எல்லாம் லயத்தோடு மண்ணாகப் போச்சு. ஒருத்தரும் பதிவு பண்ணவில்லை. கோயிலை எடுத்துக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தார்கள், கதை கூடப் போகவில்லை. இதில் அடுத்த வீட்டுக் கதைக்கு இத்தனை பேர் கூடிவிட்டீர்கள்.

---

தாப்பாக் கடைக்காரி எழுதியது:

லயத்து அண்ணே, கோபம் நியாயம். என் அம்மா ஒப்பாரி சொன்னால் அடுத்த லயத்திலிருந்து ஆள் வரும். அம்மா இருந்தபோது கையில் கைப்பேசி இருந்தும் ஒரு வரி எடுக்கவில்லை. பாட்டியின் பதிவைக் கேட்கும்போதெல்லாம் அந்த நினைப்புத்தான் வரும். உங்களுக்குத் தெரிந்த ஒப்பாரிக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வருகிறேன்.

---

வழக்குக் கட்டு எழுதியது:

வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். ஓர் ஆற்றின் பெயர் பிடிபடவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது.

சகோங் தாசி வழக்கு கேள்விப்பட்டிருப்பீர்கள். விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995-இல் டெங்கில் பக்கம் புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் நிலத்தை எடுத்தார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அந்த மக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது, 2005-இல் மேல்முறையீட்டிலும் நின்றது. அதில் கவனிக்க வேண்டியது, பூர்வகுடிகள் வாய்வழியாகச் சொல்லி வந்த வரலாற்றை, சாட்சியச் சட்டத்துக்கு உட்பட்டு, ஆதாரமாக ஏற்கலாம் என்று நீதிமன்றம் சொன்னதுதான். பட்டா இல்லாதவர்களுக்கு இந்த மலை இன்ன கதை, இந்த மடு இன்ன ஊர் முழுகின இடம் என்று சொல்ல முடிவதே ஒரு பிடி.

ஆகவே கதையை எழுதும்போது இடப்பெயரை விடாதீர்கள். 'ஒரு காட்டில் ஓர் ஊர் இருந்தது' என்று ஆரம்பித்துவிட்டால் போயிற்று. அதே சமயம் அந்த இடம் எங்கே என்று ஊரறியப் போடுவதும் சரியில்லை. எதை வெளியே சொல்லலாம் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

---

தாப்பாக் கடைக்காரி எழுதியது:

போய்விட்டு வந்தேன். இரண்டு வாரம் ஆயிற்று, எழுத நேரமில்லை, மன்னிக்கவும்.

பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். பாட்டியின் மகள் என்னைவிட மூத்தவர். வாசலில் பெத்தாய் கட்டிக்கொண்டிருந்தார். கோப்புகளையெல்லாம் இறக்கிய விரலியை (பென்டிரைவ்) கையில் கொடுத்து, முதல் பதிவைக் கைப்பேசியில் போட்டேன். கட்டுகிற கை நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. நடுவில் ஓர் இடத்தில், எனக்கு வெறும் இருமல் என்று தோன்றிய இடத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கேட்டேன். இருமல் இல்லையாம். சேற்றில் கால் மாட்டிக்கொண்டு இழுக்கிற சத்தத்துக்கான சொல்லாம். பையன் உடனே "சதக் சதக்" என்றான். ரிங்லெட் தம்பி, நீங்கள் சொன்னதுதான்.

ஆற்றின் பெயரும் தெரிந்தது. வழக்குக் கட்டு ஐயா சொன்னபடி இங்கே எழுதவில்லை.

அனுமதி கேட்காமல் எடுத்ததைச் சொன்னேன். அம்மாவுக்குத் தெரியும், வீட்டில் வந்து சொன்னார், கடைக்காரி பெட்டியில் என் பேச்சைப் போட்டு வைத்திருக்கிறாள் என்று, என்றார் மகள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. 14-ஐயும் கேட்க இரண்டு ஞாயிறு ஆனது. ஒன்பதாவது கதை அல்ல, நோய்க்குச் சொல்வது, அதை வைத்திருக்க வேண்டாம் என்றார்கள். அவர்கள் முன்னாலேயே அழித்தேன். மூன்று பிரதியிலும் அழிக்க வேண்டியிருந்தது, ஒலிநாடா அண்ணே. நல்ல வேலை வைத்தீர்கள்!

கார்ட்டூனைப் பையன் தானாகவே அழித்துவிட்டான். நான் சொல்லவில்லை. இப்போது அந்தப் பேரனும் இவனும் சேர்ந்து ஈலானில் மல்லுக்கட்டுகிறார்கள். பேரன் ரோமனில் எழுதுகிறான், இவன் தமிழில் எழுதுகிறான், ஒரு நாளைக்கு இரண்டு நிமிடக் கதை நகர்ந்தால் பெரிது. வெளியே போடுவதா என்பதை முழுசும் எழுதிய பிறகு ஊர்க்காரர்கள் பேசிச் சொல்வார்களாம்.

கிளம்பும்போது பாட்டியின் மகள் காப்பி கொண்டுவந்தார். மழை வருகிற மாதிரி இருந்தது, நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். பின்னால் எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஒரு சேதி. அந்த ஊரில் இன்னொரு தாத்தா இருக்கிறார், பாட்டியைவிட அதிகம் தெரியும் என்கிறார்கள். என்னைப் பார்த்து, உன் பெட்டியைக் கொண்டு வா என்றார். பல் இல்லை, குரல் மெதுவாகத்தான் வருகிறது. ஒலிநாடா அண்ணே, சட்டையில் மாட்டுகிற ஒலிவாங்கி இருக்கிறதே, இருநூறு வெள்ளிக்குள் எது நல்லது? ஈப்போவில் கிடைக்குமா?